ஐந்து போன்களும் ஒரு ராகு காலமும்

எங்கள் தொழிலில் வருகிற ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தோடுதான் படியேறுவார்கள்: "நான் ஒண்ணும் செய்யல, அதுவாத்தான் இப்படி ஆச்சு." நீங்களும் எங்காவது ஒரு கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொல்லியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். நான் சொல்லப்போகிற வெள்ளிக்கிழமை நான்கு பேர் இதைச் சொன்னார்கள், ஒருவர் எழுதிக் காட்டினார். ஐந்து பேர் சொன்னதும் உண்மையாகவே இருந்தது.

அன்று காலை கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்குச் சொந்தக்காரியும் போன் திருத்துகிறவளுமான ரிஸ்வானா. தையல்காரர் சிவகுமார். முச்சக்கர வண்டி ஓட்டும் சந்தன. கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். கண்டி நகரசபையில் துப்புரவு வேலை செய்யும் பரமேஸ்வரி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி லிகிதர் தயாளன். கடைசியாக நான். ஆக ஏழு பேர். கதிரை இரண்டு.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் திருகாணியும் எண்ணிக் கொடுத்தே தலை நரைத்தது. அந்தக் கடை மூடியபோது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பேக்கரிக்கும் பார்மசிக்கும் நடுவில் ரிஸ்வானா கடை திறந்தாள். போனுக்குள் இருக்கும் திருகாணி அரிசியைவிடச் சிறியது, ஒன்று குறைந்தாலும் வம்பு, எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டாள். போனை வாங்கிச் சோப்புப் பெட்டியில் வைப்பதும், கழற்றிய திருகாணிகளுக்குக் கணக்கு வைப்பதும் என் வேலை. ஆட்களோடு அதிகம் பேசத் தேவையில்லை என்பதால் எனக்கு அது பிடித்துப்போயிற்று.

ஷட்டருக்கு வெளியே ஒரு துண்டுக் காகிதம்

நான் போய்ச் சேர்ந்தபோது சிவகுமார் ஷட்டரில் சாய்ந்து நின்றார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்து ஜாக்கெட் தைக்கிறார். போனை என் முன்னால் நீட்டினார். படம் வந்தது, வெளிச்சம் வந்தது, சற்று நேரம் சாதாரணமாக இருந்தது, பிறகு பொட்டென்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இரவு தூங்கும்போது போன் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. விடிந்ததிலிருந்து இதே கூத்து.

ஷட்டரைத் தூக்குவதற்குள் மற்ற நால்வரும் வந்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் ஒரே ரகப் போன். மலிவானது என்பதால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேரிடம் அதுதான். எல்லாம் ஒரே மாதிரி அணைந்து அணைந்து எரிந்தன. நான் ஐந்து சோப்புப் பெட்டிகளை வரிசையாக வைத்தேன். சிவகுமார் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ரிஸ்வானாவிடம் கொடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். "இன்று 10.30க்கு முன் வீடியோ கோல் வரும். பெண் பார்ப்பது. பெண்ணும் என்னைப் போலத்தான். சைகையில்தான் பேச முடியும். நம்பர் போனுக்குள்ளே" என்று எழுதியிருந்தது.

சிம்மை வேறு போனில் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ரிஸ்வானாவும் அதைத்தான் எழுதிக் கேட்டாள். அப்படிப் போட்டால் ஆறு இலக்க எண் ஒன்று கேட்கும், அதை அமைத்தது கட்டாரில் இருக்கும் அண்ணன், அண்ணன் வேலைத்தளத்துக்குள் போய்விட்டால் மாலைதான் போனைத் தொடுவார் என்று பதில் வந்தது. ஊரில் பாதிப் பேருடைய போனுக்குச் சாவி இன்னொருவர் இடுப்பில்தான் இருக்கிறது. காகிதத்தை வாங்கிப் படித்த பரமேஸ்வரி அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஜாக்கெட் தைப்பதும் சிவகுமார்தான்.

"பத்தரைக்கு ராகு காலம் புடிச்சிரும் தங்கச்சி. இவனுக்குப் பொண்ணு தர்றதே பெருசு, அதையும் ராகு காலத்துல தருவாங்களா?"

வண்டியின் பின்புறம்

முதலில் வந்தவர் சிவகுமார். அவசரமும் அவருக்குத்தான். ரிஸ்வானா அவர் பெட்டியைக் கடைசிக்குத் தள்ளி வைத்தாள். அவர் முகம் சுருங்கியது. வாய் திறந்து சண்டை பிடிக்க முடியாதவன் என்பதால் தள்ளுகிறாள் என்று நினைத்திருப்பார். எனக்கும் சங்கடமாக இருந்தது. அவள் மெல்லிய குரலில் என்னிடம் சொன்னாள்: "நோய் என்னண்டு இன்னும் தெரியாது ஐயா. தெரியாத நோய்க்கு இவர்ட போன்ல கை வெச்சுப் பழக ஏலா." பிறகு எல்லோரையும் பார்த்து, "உள்ளுக்கு ஈக்கிற எல்லாம் போனாலும் பரவாயில்லண்டு யாராவது ஈக்கீங்களா?" என்று கேட்டாள்.

சந்தன உடனே கையைத் தூக்கினார். அவருக்கு ஹயர், அதாவது சவாரி, வந்தால் போதும். படமும் இல்லை, பாட்டும் இல்லை. ரிஸ்வானா முதலில் போனைத் திறந்து, அணைக்கும் பொத்தான் இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள். பதின்மூன்று திருகாணிகள் கழற்றினோம், பதின்மூன்றையும் திரும்பப் பூட்டினோம். பொத்தானில் பிழையில்லை. பிறகு எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்கினாள். போன் அணையாமல் நின்றது. ஆனால் உள்ளே விட மறுத்தது. பழைய கடவுச்சொல்லைக் கேட்டது. அதை அமைத்தவர் சந்தனவின் மச்சினன். என்னுடைய பொத்தான் போனில் அவரைக் கூப்பிட்டோம். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்க, சந்தன படியிறங்கிப் போய், தெருவோரம் நின்ற தன் வண்டியின் பின்புறத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். கடவுச்சொல் அவர் வண்டி நம்பர்.

தினமும் துடைக்கிற தகட்டை மறுபடி பார்க்கப் போக வேண்டியிருந்ததற்காக அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. எல்லாம் போனதற்கும் வருத்தப்படவில்லை. போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, சிவகுமாரின் தோளில் கைவைத்து, சைகையால் வண்டி ஓட்டிக் காட்டி, ரிஸ்வானாவிடம் சொன்னார்:

"நங்கி, இவரு கல்யாணம் சரி வந்தா ஹயர் நம்ம வண்டி. காசு இல்ல. நான் இப்ப புது ஆள், புது போன், பழைய கடன் ஒண்ணும் ஞாபகம் இல்ல."

பதில் சொன்ன ஸலாம்

அழித்தால் நோய் தீரும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் சிவகுமாரின் போனை அழித்தால் பெண்ணின் நம்பரும் போய்விடும். ரிஸ்வானா யோசித்தாள். சந்தனவின் போனை அழிக்குமுன் உள்ளே எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்திருந்தாளாம். ஒரு துளியும் இல்லை. "புது அப்டேட்டுக்கு மூச்சு விட இடமில்ல. அதுதான் திணறி விழுது. கொஞ்சம் இடம் பண்ணிக் குடுத்தா எழும்பும்" என்றாள். கணினியில் இணைத்து எடுத்து வைக்கலாம் என்றால், கணினி போனை அடையாளம் காண்பதற்குள் போன் அணைந்துவிடுகிறது. மேலதிக மெமரி அட்டை போடும் துளையும் இந்த ரகத்தில் இல்லை. போன் விழித்திருக்கும் நேரத்துக்குள் விரலால் அழித்தால்தான் உண்டு. அந்த நேரம் எவ்வளவு என்று நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவையும் தொண்ணூறுக்கு ஓரிரண்டு முன்பின்னாகத்தான் அணைந்தது.

அடுத்த பெட்டி ஹாஜியாருடையது. அவருக்கு ஜும்மாத் தொழுகைக்கு முன்னால் கெலிஓயா திரும்ப வேண்டும். அவர் போனில் படம் படமாக வாழ்த்துகள். வெள்ளிக்கிழமைதோறும் வருகிற ஜும்மா வாழ்த்துகள், துணி வாங்கும் சிங்களக்காரர்கள் அனுப்பிய தாமரைப் பூக்கள், கம்பளைச் செட்டியார் தினமும் அனுப்பும் பிள்ளையாரும் காலை வணக்கமும். ஆயிரத்துக்கு மேல். ஒன்றையும் அவர் அழித்ததில்லை. "வாசலுக்கு வந்து ஸலாம் சொன்ன ஆளுட முகத்துல கதவ அடிக்கிற மாதிரி இல்லையா மகள்?" என்று கேட்டார். நமக்கெல்லாம் வருகிறதே, பார்க்காமலே தள்ளிவிடுகிறோமே, அதை ஒரு மனிதர் இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார். ரிஸ்வானா அவரை அவசரப்படுத்தவில்லை. போன் ஒருமுறை அணைந்து எழுந்தது. பிள்ளையார் படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் அப்போதுதான் கண்டுகொண்டார்: ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் அனுப்பிய பதிலும் இருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை. முகம் தெளிந்துவிட்டது.

நான் எண்ண, ரிஸ்வானா அழிக்க, நான்கு விழிப்பு ஆயிற்று. ஐந்தாவது தடவை நான் தொண்ணூறைத் தாண்டி நூறு, நூற்றிருபது என்று போய்க்கொண்டேயிருந்தேன். போன் அணையவில்லை. மருந்து அகப்பட்டுவிட்டது. அழிக்கச் சொன்னபோது ஹாஜியார் சொன்ன வார்த்தையை நான் அப்படியே தருகிறேன்:

"பதில் சொன்ன ஸலாம் போய்ச் சேந்துட்டு மகள். இனி அது எனக்குச் சொந்தமில்ல. அழிங்க."

ஒரு கதிரை காலியானது

கடிகாரம் பத்துக்குப் பக்கத்தில் வந்தது. வரிசைப்படி அடுத்தது தயாளன். அவர் அன்று வங்கிக் கந்தோருக்கு ஏற்கெனவே பிந்திவிட்டார். பிந்துவதைச் சொல்வதற்கும் போன் இல்லை. முறையை விட்டுத்தரும்படி அவரிடம் போய் யார் கேட்பது? கேட்க வேண்டியது நான்தான், பெட்டிகளை நகர்த்துகிறவன் நான். அவர் பெட்டியின் மேல் கைவைத்தபடி நின்றேன். அவரே எழுந்து வந்து, தன் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளி, சிவகுமாரின் பெட்டியை எடுத்து ரிஸ்வானாவின் கையில் கொடுத்தார். தான் உட்கார்ந்திருந்த கதிரையையும் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சிவகுமாரை அதில் உட்காரச் சொல்லிக் காட்டினார்.

ரிஸ்வானா நன்றி சொன்னாள். அவர் சிரிக்கவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை.

"ஓம், ஓம், நான் இருக்கிறன் தங்கச்சி. எனக்குக் கலியாணம் எப்பவோ முடிஞ்சுது, இனி என்ன அவசரம் எண்டுதான்."

தொண்ணூறு வரை

சிவகுமாரின் போனில் இரண்டே வகைதான் இருந்தன. ஒன்று, அவர் தைத்த ஜாக்கெட்டுகளின் படங்கள். ஒவ்வொன்றையும் தைத்து முடித்ததும் படமெடுத்து, உடையவருக்கு அனுப்பி, புதிதாக வருகிறவர்களுக்கும் காட்டுவார். வாயால் விளக்க முடியாத ஆளுக்கு அந்தப் படங்கள்தான் கடைப் பலகை. மற்றது, அந்தப் பெண் அனுப்பிய வீடியோக்கள். நாம் குரலைப் பதிந்து அனுப்புகிறோமே, அதைப் போல அவர்கள் கையசைவைப் பதிந்து அனுப்புகிறார்கள். பெயர் நிர்மலா. மாத்தளையில் ஓர் அச்சகத்தில் வேலை. நான்கு மாதமாகப் பேசிக்கொள்கிறார்கள், நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு வீடியோவும் நூறு படத்தின் பாரம். ரிஸ்வானா அவற்றைத் தொட்டுக் காட்டி, 'இதை அழித்தால் உடனே சரியாகும்' என்று சைகை செய்தாள். சிவகுமார் போனின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். பிறகு ஜாக்கெட் படங்களைத் திறந்தார்.

இப்போது நான் வாயால் எண்ணிப் பயனில்லை. மேசைக்கு எதிரில் நின்று விரல்களால் எண்ணினேன். பத்துப் பத்தாக விரலை மடக்கி, எண்பதுக்கு வந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் அவர் அந்தத் தவணையை அழிக்க ஒப்புதல் கொடுத்துவிட வேண்டும். ஆட்கள் முன்னால் கையை ஆட்டி நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். காது கூசியது. ஆனால் அவர் என் விரல்களை ஒரு தடவைகூடப் பிழையாக வாசிக்கவில்லை. ஒரு விழிப்பில் நாற்பது, அடுத்ததில் ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் இத்தனை படத்தை அழிக்கவா என்று போன் கேட்டது. நான் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். மணப்பெண் ஜாக்கெட்டுகள், மணி கோத்த கைகள், முதுகில் மயில் வைத்தது என்று எத்தனையோ மாத வேலை எங்கள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. அவர் ஒன்றையும் நின்று பார்க்கவில்லை. பரமேஸ்வரி அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. அவருடைய மகளின் கல்யாண ஜாக்கெட்டும் அதில் போயிற்று.

"தச்சதயெல்லாம் தையல்காரனே பிரிக்கிறான் பாருங்க அண்ணே. அதுவும் ஊசி நூல் இல்லாம."

கடைக்குள் பெண் பார்த்த கதை

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, இன்னும் இடம் போதாத நிலையில், போன் அதிர்ந்தது. நிர்மலா. என் கணக்கு அறுபதில் இருந்தது. சிவகுமார் எடுத்தார். திரையில் மஞ்சள் சேலையில் ஒரு பெண், பின்னால் அப்பாவும் அம்மாவும். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இரண்டு கையையும் விரித்து, மிச்சம் இவ்வளவுதான் என்று காட்டினேன். அவர் கண்டுகொண்டார். 'இப்போது போகும், மறுபடி வரும், நான் வெட்டவில்லை' என்று அவர் கைகள் அவளுக்குச் சொல்லி முடிக்கவும் போன் அணையவும் சரியாக இருந்தது. எழுந்த போனில் சிவகுமார் கடைசியாக ஒரு பிடி படங்களை அழித்தார். போன் அணைந்து மறுபடி எழுந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். எழுபதில் அழைப்பு வந்தது. தொண்ணூறு வந்தது. தொண்ணூற்றைந்து வந்தது. நூறு வந்தது. நான் விரல்களை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இருவரின் கைகளும் பேசத் தொடங்கின. அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு அமைதியாகவும் இரண்டு பேர் பேசி நான் பார்த்ததில்லை. புருவம் பேசியது, தோள் பேசியது. என்ன நடந்தது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். சிவகுமார் எங்களையும் சோப்புப் பெட்டிகளையும் சுற்றிக் காட்டி, நெஞ்சில் கைவைத்து, நீ அனுப்பியதை வைத்துக்கொண்டு என்னுடையதை அழித்தேன் என்பதை விளக்கினார். அது எங்களுக்கே புரிந்தது. அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஒரு கையை நெற்றியில் தட்டி, மறுகையால் ஏதோ சொல்லி, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தார். சிவகுமாரும் நெற்றியில் அடித்துக்கொண்டார். நாங்கள் விழிப்பதைப் பார்த்து, பக்கத்தில் கிடந்த ரசீதின் பின்னால் எழுதித் தந்தார்: "அவள் அனுப்பியது எல்லாம் அவள் போனிலும் இருக்கிறதாம். அதை அழித்திருக்கலாமாம். நான் முட்டாளாம்."

ஏழு பேர் இருந்தோம். ரிஸ்வானா உட்பட ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஹாஜியார் ஜும்மாவை நினைத்துப் படியில் இறங்கியவர் திரும்பி ஏறி வந்து அந்த ரசீதைப் படித்தார். பரமேஸ்வரி அக்கா மட்டும் கையைத் தட்டினார்.

"முட்டாள்னு சொல்லிட்டாளா? அப்ப சம்மதந்தான். வேணாங்கிறவ மரியாதயாத்தான் பேசுவா."

என்ன முறை

ஆனால் நிர்மலாவின் அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. அவருக்குக் காது கேட்கும், பேசவும் செய்வார். மாப்பிள்ளை பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். சிவகுமாரின் அம்மா நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். போன வாரமே சரி சொல்லிவிட்டார். அங்கே சிக்னல் கிடைக்க மேட்டில் ஏற வேண்டும். கடைக்குள் நரைத்த தலை என்னுடையதும் ஹாஜியாருடையதும்தான். ஹாஜியார் என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினார். என் வாழ்நாளில் நான் யாருக்கும் பெண் கேட்டதில்லை. எனக்கே என் அண்ணன்தான் கேட்டார்.

"நீங்க மாப்பிள்ளைக்கு என்ன முறைங்க?" என்றார் பெண்ணின் அப்பா. "நான் இங்க திருகாணி எண்ணுறவன்ங்க" என்றேன். பின்னால் சந்தன சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. "பையன் எப்படி?" என்று கேட்டார். தெரிந்ததை மட்டும்தானே சொல்ல முடியும்? கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்றார், வரிசையில் பின்னால் தள்ளியபோது கோபப்பட்டாலும் போகவில்லை, தன் வேலையையெல்லாம் கொடுத்து உங்கள் பெண் பேசினதைக் காப்பாற்றினார், என்னுடைய எண்ணிக்கையில் ஒன்றையும் தவறவிடவில்லை என்றேன். நான் ஒரே மூச்சில் பேசியவற்றில் அதுதான் நீளம். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கேயும் ஒரு கடிகாரம் இருந்திருக்க வேண்டும்.

"பத்தரைக்கு இன்னும் நாலு நிமிசம் இருக்குங்க. சம்மதம்னு இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் உங்க போன் போயிடும்."

வராத சொந்தக்காரர்கள்

சந்தன பேக்கரியில் கேக் வாங்கி வந்தார். அதைத் தின்றுகொண்டே தயாளனின் போனை முடித்தோம். மூன்று விழிப்பில் எழுந்தது. பரமேஸ்வரி அக்காவின் போன்தான் கடைசி. அவர் கண்டிக் குளத்தைச் சுற்றிக் கூட்டுகிறவர். போன் நிறையப் பொருள்களின் படங்கள்: ஒற்றைச் செருப்பு, சாவிக்கொத்து, மூக்குக் கண்ணாடி, பால் போத்தல் மூடி, ஒரு பிள்ளையின் தொப்பி. கீழே கிடந்ததை எடுக்குமுன் எந்த மரத்தடி, ஆட்கள் உட்காரும் எந்த வாங்கு என்று தெரியும்படி படமெடுத்துவிட்டுத்தான் எடுப்பாராம். சொந்தக்காரர் தேடி வந்தால் இடம் சொல்லிக் கேட்பாராம். சரியாகச் சொன்னால் கொடுப்பாராம். "யாராவது உங்கள இப்பிடிச் செய்யச் சொன்னாங்களா?" என்று ரிஸ்வானா கேட்டாள். யாரும் சொல்லவில்லை.

நான் எண்ணினேன். ஒவ்வொரு விழிப்பிலும் அவர் படம் படமாகப் பார்த்து, இது கொடுத்தாச்சு, இதுவும் கொடுத்தாச்சு என்று அழித்துக்கொண்டு போனார். ஒற்றைச் செருப்பில் விரல் நின்றது. அழித்தால் என்ன, ஒற்றைச் செருப்பை யார் தேடுவார் என்றேன். அது நான் அன்று தேவையில்லாமல் பேசிய ஒரே பேச்சு.

"வந்து வாங்கிட்டுப் போனதெல்லாம் போகட்டும் அண்ணே. இது இருக்கட்டும். ஒத்தக் காலோட எவ்வளவு நாளைக்கு நடப்பான், வருவான்."

திரும்பி வந்த ஜாக்கெட்டுகள்

போகும்போது அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. அனுப்பியது அனுப்பினவளிடம் இருக்குமென்று அந்தப் பிள்ளை சொன்னாளே. அப்படியானால் சிவகுமார் அனுப்பிய ஜாக்கெட் படங்கள் வாங்கினவர்களிடம் இருக்குமே! அங்கேயே நின்று, தெரிந்த பெண்களுக்கெல்லாம் குரல் பதிவு அனுப்பினார். 'தையல்காரத் தம்பிக்குக் கல்யாணம், அவன் படமெல்லாம் போச்சு, உங்ககிட்ட இருக்கிறதத் திருப்பி அனுப்புங்கடி.' அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

அன்று அழிந்தவை முந்நூற்று நாற்பது. அன்று மாலையே வரத் தொடங்கிவிட்டன. படம் தொலைந்துபோன பெண்கள் அலுமாரியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துக் கட்டிலில் விரித்துப் புதிதாக எடுத்து அனுப்பினார்கள். சிலர் உடுத்தே எடுத்திருந்தார்கள். பல்லேகலவிலிருந்து ஓர் அம்மா, தனக்கு இப்போது கை நுழையவில்லை என்று மகளுக்குப் போட்டு எடுத்து அனுப்பினார். பழைய படங்களில் ஜாக்கெட் மட்டும்தான் இருந்தது. இப்போது வந்தவற்றில் அதைப் போட்ட ஆளின் முகமும் சிரிப்பும் இருந்தன. சிவகுமார் இரண்டு நாளைக்கொரு தடவை கடைக்கு வந்து காட்டுவார். நான் எண்ணிச் சொல்வேன், அவர் என் விரலைப் பார்த்துக்கொள்வார். கல்யாணம் தையில். சந்தன வண்டியைக் கழுவத் தொடங்கிவிட்டார்.

நேற்று வந்தபோது போனை என் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: உள்ளே இடமில்லை. பார்த்த ரிஸ்வானா திருகாணி முடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயா, இனி ஒராளும் படம் அனுப்ப வாணாண்டு பரமேஸ்வரி அக்காக்கு ஒரு கோல் எடுங்க. மத்தது, ராவைக்கு அப்டேட் கேட்டா 'பிறகு'ண்டு அமத்தச் சொல்லுங்க."

முந்நூற்று நாற்பதில் முந்நூற்று இருபத்தாறு வந்துவிட்டன, வராமல் இருந்து அந்தப் போனையும் ஒரு கல்யாணத்தையும் காப்பாற்றிக்கொண்டிருப்பவை மீதி பதினான்கு.